எண்ணிமக் களஞ்சியங்களில் தடைக்காலம்: மண்டபம் கடலாய்வுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

எண்ணிமக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்ட ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்ட நாள்வரை பொது வாசகர் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கும் ஏற்பாடு தடைக்காலம் எனப்படுகிறது. ஆங்கில வழக்கில் இதற்கு எம்பார்கோ என்று பெயர். ஆய்வுக்கட்டுரைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், திட்ட அறிக்கைகள் ஆகியவற்றுக்கே இது பெரும்பாலும் விதிக்கப்படுகிறது. ஆவணத்தின் தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் ஆகியவை எல்லோருக்கும் தெரியும். முழுக்கோப்பு மட்டும் குறித்த நாள் வரும்வரை திறக்காது. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைப் பற்றிய ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் தேவையும் அதன் குறைகளும் தெளிவாகத் தெரிகின்றன. முக்கால் நூற்றாண்டாக ஆராயப்பட்டுவரும் கடல் அது. அந்த ஆய்வு முடிவுகளால் நன்மையோ பாதிப்போ அடைபவர்களும் அதே கரையில்தான் வாழ்கிறார்கள்.

சொல்லும் பொருளும்

இராமேசுவரத்தில் தடைக்காலம் என்று சொன்னால் மீன்பிடித் தடைக்காலமே நினைவுக்கு வரும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. முன்பு இது 45 நாட்களாக இருந்தது. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் இழுவலையின் அழுத்தத்தைக் குறைப்பது இதன் நோக்கம். நாட்டுப்படகுகளுக்கு இத்தடை பொருந்தாது.

இந்தத் தடையைப் பற்றிக் கரையில் மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனாலும் அது எப்போது தொடங்கும், எப்போது முடியும், எதற்காக, யாருக்குப் பொருந்தும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எல்லோருக்கும் தெரியும். வலை சீர்செய்பவர், ஐஸ் ஆலை நடத்துபவர், மீன் ஏலம் எடுப்பவர் என ஒவ்வொருவரும் ஜூன் 14-ஐ மனத்தில் வைத்துத் தம் வேலையை வகுத்துக்கொள்கிறார்கள். களஞ்சியத்தில் விதிக்கப்படும் தடைக்காலத்தையும் இதே நான்கு கேள்விகளால் அளக்கலாம். அப்படி அளக்கும்போது இந்தியக் களஞ்சியங்களில் உள்ள பல பூட்டுகள் தடைக்காலம் என்ற பெயருக்குத் தகுதி பெறுவதில்லை.

மண்டபமும் அதன் ஆவணங்களும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் மண்டபம் முகாம் அதன் தலைமையிடமானது. 1967-ல் நிலையம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது; மண்டபம் வட்டார மையமாகத் தொடர்கிறது. இந்தியக் கடல் உயிரியல் சங்கமும் 1958-ல் மண்டபம் முகாமில்தான் தோன்றியது. அதன் ஆய்விதழ் 1959-ல் தொடங்கியது. 1962-ல் சூரை, அயிலை வகை மீன்கள் பற்றிய கருத்தரங்கும், 1969-ல் பவளப்பாறைகள் பற்றிய கருத்தரங்கும் அங்கே நடந்தன. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை ஆகியவற்றின் பவளம், கடற்பசு, கடல் அட்டை, கடற்பாசி பற்றி இன்று எழுதுபவர் எவரும் அந்தக் காலத்துக் கட்டுரைகளைத் தவிர்க்க முடியாது.

நிலையத்தின் வெளியீடுகளைத் திரட்டித் தரும் இணையக் களஞ்சியம் ஈபிரிண்ட்ஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. 1950-களின் கட்டுரைகள் முதல் அண்மைக்கால அறிக்கைகள் வரை பல ஆயிரம் ஆவணங்கள் அதில் உள்ளன. பழைய இதழ்களைத் தேடி நூலகம் நூலகமாக அலைய வேண்டியிருந்த நிலையை இது மாற்றியது. மண்டபத்தில் எழுதப்பட்ட அரை நூற்றாண்டுக்கு முந்தைய கட்டுரையை இன்று பாம்பனில் உள்ள ஒரு மாணவர் கைப்பேசியிலேயே படிக்கலாம். தமிழகக் கடலைப் பற்றிய அறிவுக்கு இது பெரிய தொண்டு. கீழே வரும் விமர்சனத்தை இந்தத் தொண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

விதிகள்

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் திறந்த அணுகல் கொள்கை ஒன்றை அறிவித்தது. அதன்படி கழகத்தின் நிறுவனங்களில் பணியாற்றும் அறிவியலாளர்கள், ஏற்கப்பட்ட கட்டுரையின் இறுதி வடிவத்தைத் தம் நிறுவனக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். பதிப்பகம் தடைக்காலம் கேட்டாலும் அது 12 மாதங்களைத் தாண்டக்கூடாது. காப்புரிமைக்கோ வணிகப் பயனுக்கோ வாய்ப்புள்ள ஆவணங்களுக்கு விலக்கு உண்டு.

ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் உள்ளன. 2009-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கின. 2016-ஆம் ஆண்டு விதிகள் பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே அதை இன்ஃப்ளிப்நெட் மையத்துக்கு அனுப்பப் பணித்தன. அங்கே அது சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றிக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் எழுதப்படும் ஆய்வேடுகள் வாசகரை வந்தடையும் முக்கிய வழி இதுவே.

உலக அளவில் போக்கு தடைக்காலத்தைக் குறைப்பதை நோக்கிச் செல்கிறது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 2008-ல் 12 மாதத் தடைக்காலத்துடன் திறந்த ஒப்படைப்பைக் கட்டாயமாக்கியது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அந்த 12 மாதங்களையும் நீக்கிவிட்டது. 2018-ல் ஐரோப்பிய நிதியளிப்பு அமைப்புகள் அறிவித்த எஸ் திட்டமும் தடைக்காலமே கூடாது என்றது.

தடையின் நியாயங்கள்

எல்லாத் தடையும் தவறானது என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. காலவரையறையுள்ள தடைக்கு மூன்று நேர்மையான காரணங்கள் உள்ளன.

முதலாவது, பதிப்பக ஒப்பந்தம். கட்டுரையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ ஓராண்டோ பொறுக்க வேண்டும் என்று இருந்தால் களஞ்சியம் அதை மீற முடியாது. இரண்டாவது, காப்புரிமை. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியான கண்டுபிடிப்பு பொதுவாகப் புதுமையை இழந்துவிடும். கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடற்பாசிகளிலிருந்து கடல்மின் என்ற பெயரில் சத்துப்பொருள்களை உருவாக்கியிருக்கிறது. அத்தகைய ஆய்வின் அறிக்கையை விண்ணப்பம் போடும்வரை மூடிவைப்பது பொதுப்பணத்தைக் காக்கும் செயலே. மூன்றாவது, இளம் ஆய்வாளரின் நலன். ஐந்தாண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டை நூலாகவோ கட்டுரைகளாகவோ தாமே முதலில் வெளியிட அவர் அவகாசம் கேட்பது இயல்பு.

இம்மூன்றும் காலத்தோடு தீர்ந்துபோகும் காரணங்கள். ஒப்பந்தத்தின் கெடு முடியும், விண்ணப்பம் பதிவாகும், நூல் வெளிவரும். காரணம் தீரும் நாளில் தடையும் தீர வேண்டும். தடைக்காலம் என்ற ஏற்பாட்டின் நியாயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது

12 மாதம் என்ற வரம்பு தெளிவாகத் தோன்றினாலும், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏற்கப்பட்ட நாள், இணையத்தில் வெளியான நாள், அச்சிதழ் வந்த நாள், களஞ்சியத்தில் ஒப்படைத்த நாள் என நான்கு நாட்கள் உள்ளன. இவற்றுக்கிடையே ஓராண்டு இடைவெளி இருப்பது அரிதன்று.

ஒரு கட்டுரை வெளியாகி இரண்டாண்டுகள் கழித்து ஒப்படைக்கப்பட்டு, ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம் எண்ணப்பட்டால், விதியின் எழுத்து மீறப்படவில்லை என்று வாதிடலாம். வாசகர் காத்திருந்ததோ மூன்றாண்டுகள். தாமதமான ஒப்படைப்பு என்பது யாரும் அறிவிக்காத தடைக்காலம். அதற்குக் காரணமும் எழுதப்படுவதில்லை, முடிவும் குறிக்கப்படுவதில்லை. 2016-ஆம் ஆண்டு விதிகள் ஒப்படைப்பைப் பட்ட அறிவிப்புக்கு முன்னால் வைத்தது இந்த வகையில் சிறந்த முடிவு. உடனே ஒப்படைத்துவிட்டுப் பிறகு திறப்பது நல்ல நடைமுறை. பிறகு ஒப்படைக்கலாம் என்று விடப்படும் கோப்பு, ஆய்வாளர் பணிமாறும்போதும் கணினி பழுதாகும்போதும் தொலைந்துபோகிறது.

மென்பொருளில் கட்டுப்பாடு

களஞ்சிய மென்பொருள்களில் தடைக்காலத்தை நிர்வகிக்கும் வசதி வெகுநாட்களாக உண்டு. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஈபிரிண்ட்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே முடிவு நாள் குறிக்கலாம். நாள்தோறும் ஓடும்படி அமைக்கப்படும் ஒரு சிறு நிரல், நாள் கடந்த கோப்புகளைத் தேடித் திறந்துவிடும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலட் பேக்கர்டு நிறுவனமும் 2002-ல் வெளியிட்ட டிஸ்பேஸ் மென்பொருளையே சோத்கங்கா பயன்படுத்துகிறது. அதன் பழைய பதிப்பிலும் தடையை நீக்கத் தனி நிரல் ஓட வேண்டியிருந்தது. 3.0 பதிப்பு முதல் கோப்பின் அனுமதி விதியிலேயே தொடக்க நாளை எழுதலாம். அந்த நாள் வந்ததும் அனுமதி தானே செயல்படத் தொடங்கும். எவரும் எதையும் இயக்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நடைமுறையில் விளைவு பெரிது. நிரலை நம்பும் முறையில் வழங்கிக் கணினி மாற்றப்பட்டு, புதிய கணினியில் அந்த நிரலை அமைக்க மறந்துவிட்டால், நாள் கடந்த பின்னும் பூட்டு அப்படியே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. மூடியிருக்கும் கோப்பு யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்பதால் நூலகருக்கும் தெரியாது. தடையை விதிக்கும் கணத்திலேயே அது நீங்கும் நாளையும் பதிந்துவிடும் முறையே நம்பத்தக்கது.

டிஸ்பேஸில் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தி உண்டு. தடைக்கு முடிவே வேண்டாம் என்று கருதினால் என்றென்றும் என்ற தேர்வை நிர்வாகி கொடுக்கலாம். கணினிக்கு ஏதாவது ஒரு நாள் வேண்டுமே என்பதால், அந்தத் தேர்வு உள்ளே கி.பி. 10000 ஜனவரி 1 என்று பதிவாகிறது. நிரந்தர மறுப்பு ஒன்று, தேதியுள்ள தடைக்காலத்தின் உருவில் அங்கே அமர்ந்துகொள்கிறது.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. முழுக்கோப்பைப் பூட்டிவிட்டு, தேடலுக்காக அதிலிருந்து பிரித்தெடுத்த எழுத்துக்கோப்பையும் முதற்பக்கப் படத்தையும் திறந்துவைத்தால் பூட்டுக்குப் பொருளில்லை. காப்புரிமைக்காக மூடப்பட்ட அறிக்கை தேடுபொறி வழியே வெளியாகிவிடக்கூடும். மூல ஆவணத்துக்கு உள்ள அனுமதியே அதிலிருந்து பிறந்த கோப்புகளுக்கும் இருக்க வேண்டும்.

தேதியில்லாத பூட்டு

மண்டபம் ஆய்வுகள் அடங்கிய களஞ்சியத்தில் சில பதிவுகளில், பதிவுசெய்த பயனர்களுக்கு மட்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பும், நகல் கேட்பதற்கான பொத்தானும் காணப்படுகின்றன. இந்தக் குறிப்பு யாருக்கு அனுமதி என்பதைச் சொல்கிறது. எதற்காக மூடப்பட்டது, எந்த நாளில் திறக்கும் என்பவற்றைச் சொல்வதில்லை. மேலே கண்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கே விடை கிடைக்கிறது.

நகல் கேட்கும் பொத்தான் நல்ல ஏற்பாடுதான். ஆய்வாளர் மின்னஞ்சல் பார்த்து அனுப்பினால் வாசகருக்குக் கட்டுரை கிடைக்கும். ஆனால் அது உரிமையாக இல்லாமல் தயவாக அமைகிறது. பணி ஓய்வு பெற்றவர், வேறு நிலையத்துக்கு மாறியவர், மறைந்தவர் ஆகியோரின் கட்டுரைகளுக்கு அந்தக் கடிதம் யாருக்குப் போய்ச் சேரும்? பல்கலைக்கழக முகவரியிலிருந்து ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளருக்குக் கிடைக்கும் மறுமொழி, தங்கச்சிமடத்திலிருந்து தமிழில் எழுதும் ஒருவருக்கும் கிடைக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

கரையில் உள்ள வாசகர்

தடைக்காலத்தை விவாதிப்பவர்கள் பெரும்பாலும் ஆய்வாளரையும் பதிப்பகத்தையும் மட்டுமே எண்ணுகிறார்கள். மண்டபம் கரையில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. நிலையத்தின் கணக்கெடுப்பாளர்கள் மீன் இறங்குதளங்களுக்குச் சென்று படகுகளின் பிடிப்பை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். மதிப்பீடுகள் அந்த எண்களிலிருந்து பிறக்கின்றன. தகவல் கொடுத்தவர்கள் மீனவர்கள். ஆய்வின் முடிவை வைத்து எழுதப்படும் தடைகளும் அவர்கள்மீதே வருகின்றன.

கடல் அட்டை இதற்குத் தக்க சான்று. 2001-ல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுப் பிடிப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. தலைமுறைகளாக முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் கடல் அட்டை எடுப்பதும் செய்துவந்த குடும்பங்கள் அத்தடையை மறுஆய்வு செய்யக் கேட்டுவருகின்றன. கடல் அட்டையின் இருப்பு எவ்வளவு, மீண்டு வருகிறதா, வளர்ப்பு சாத்தியமா என்பவை இந்த வழக்கில் அடிப்படைக் கேள்விகள். பழைய ஆய்வுகள் திறந்து கிடக்கின்றன. ஆனால் அதிகாரியின் மேசையில் மதிப்புப் பெறுவது புதிய ஆய்வு. அது பூட்டியிருந்தால் ஒரு தரப்பு படித்துவிட்டுப் பேசுகிறது. மறுதரப்பு படிக்காமல் பேச வேண்டியிருக்கிறது.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பவளப்பாறைகள் இன்னொரு சான்று. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. ஒரு கோடையின் வெளிறல் பற்றிய கட்டுரைக்கு 12 மாதத் தடைக்காலம் என்றால், அடுத்த கோடை வந்துபோன பிறகே அது திறக்கும். இதற்கு மாறான எடுத்துக்காட்டும் இதே கடலில் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் கடற்பாசி, மண்டபம் அருகே குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்திருப்பதை மதுரை ஆய்வாளர்கள் 2008-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். எவரும் கட்டணமின்றிப் படிக்கும் இதழ் அது. பாசி வளர்ப்பை ஆதரித்தவர், எதிர்த்தவர், வனத்துறை ஆகிய எல்லோரும் ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு வாதிட முடிந்தது.

இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் வெளிநாட்டு இதழ்களை அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் தருகிறது. மாணவர்களுக்கு இது பெரும் பயன். ஆனால் மீனவர் சங்கச் செயலாளரோ உள்ளூர்ச் செய்தியாளரோ இத்திட்டத்தில் பயனர் அல்லர். அவர்களுக்கு எஞ்சியிருப்பது நிறுவனக் களஞ்சியம் ஒன்றே. எனவே சந்தா வந்துவிட்டது, இனிக் களஞ்சியம் எதற்கு என்ற வாதம் இந்தக் கரையில் செல்லாது.

நீண்ட கடிகாரம்

பதிப்புரிமையும் ஒருவகைக் காலத்தடைதான். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். சேதுபதி மன்னர் வரலாற்றை எழுதிய இராமநாதபுரம் ஆய்வாளர் எஸ். எம். கமால் 2007-ல் மறைந்தார். வழக்கமான கணக்கில் அவருடைய நூல்கள் 2067 முடியும்வரை உரிமைக் காப்பில் இருந்திருக்கும். தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியதால் இன்று தமிழ் விக்கிமூலத்தில் எவரும் படிக்கலாம். மரபுரிமையரை மதித்துப் பரிவுத்தொகை கொடுத்து, நீண்ட கடிகாரத்தை முன்கூட்டியே நிறுத்தும் வழி தமிழகத்தில் ஏற்கெனவே உள்ளது. பொதுப்பணத்தில் நடந்த கடலாய்வுக்கு 12 மாதத்தைக் குறைக்கக் கேட்பது அதைவிடப் பெரிய கோரிக்கை அன்று.

காலத்தால் தீராதவை

சில செய்திகளைத் தேதி போட்டுத் திறக்கவே கூடாது. கடற்பசு மேயும் கடற்புல் திட்டின் துல்லியமான இடக்குறிப்பு, ஓராண்டு கழித்து வெளியானாலும் வேட்டைக்காரருக்கு உதவும். எல்லை தாண்டியதாகக் கைதான மீனவர்கள் ஆய்வாளரிடம் சொன்ன செய்திகள், பெயரோடு வெளியானால் ஐந்தாண்டுக்குப் பிறகும் அவர்களைப் பாதிக்கலாம். இவற்றுக்குத் தடைக்காலம் பொருத்தமான கருவி அன்று. இடக்குறிப்பைப் பொதுமைப்படுத்தியும் பெயர்களை நீக்கியும் ஒரு பொதுப்படியைத் திறந்துவைத்து, மூலப்படியைத் தனி அனுமதியில் வைப்பதே முறை. காலத்தால் தீரும் காரணத்தையும் தீராத காரணத்தையும் ஒரே பூட்டில் வைத்தால், முன்னது தேவையின்றி மூடிக்கிடக்கும். பின்னது ஒருநாள் தவறுதலாகத் திறந்துவிடும்.

மதிப்பீடு

இந்தியக் களஞ்சியங்களுக்குக் கொள்கையும் மென்பொருளும் உள்ளன. குறைவது பதிவின் முகப்பில் இருக்க வேண்டிய இரண்டு வரிகள். மூடியதன் காரணம் ஒரு வரி, திறக்கும் நாள் ஒரு வரி. நாள் வெளியீட்டு நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். தலைப்பும் சுருக்கமும் முதல் நாளிலேயே திறந்திருக்க வேண்டும். முடிந்தால் தமிழ்ச் சுருக்கமும் வேண்டும். நாள் கடந்தும் மூடியிருக்கும் கோப்புகளின் பட்டியலை நூலகர் ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். நீட்டிப்பு வேண்டுமென்றால் புதிய காரணமும் புதிய நாளும் எழுதப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய நிதி தேவையில்லை. மாவட்டக் கல்லூரிகள் தமக்கெனக் களஞ்சியம் தொடங்கும்போது இவற்றை முதல் நாளிலேயே விதியாக எழுதிக்கொள்வது பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கும்.

கடலுக்குப் போகாதே என்று 61 நாட்கள் சொல்லும் அரசு, 62-ஆம் நாள் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கடலைப் பற்றிய ஆய்வை மூடிவைக்கும் களஞ்சியம் அதே அளவு தெளிவோடு பேச வேண்டும் என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. முடிவு நாள் எழுதப்படாத தடையை மறுப்பு என்று அழைப்பதே சரி. மறுப்பதற்குக் களஞ்சியத்துக்கு உரிமை இருக்கலாம். அதைத் தடைக்காலம் என்ற பெயரில் செய்ய உரிமை இல்லை.